சங்கிலி எந்த மருந்து?

மீலாது மேடைகளில் நாம் அடிக்கடி கேட்டு மகிழும் பெருமை ஒன்றுண்டு. ஐரோப்பா பித்துற்றோரை விலங்கிட்டு வைத்திருந்த காலத்தில் நம் முன்னோர் மாரிஸ்தான் கட்டி அவர்களுக்கு மருத்துவம் செய்தனர் என்பதே அது. சொல்வது பொய்யன்று. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடமிருந்தது. ஆனால் பாதி வரலாற்றைப் பேசி மீதியை விழுங்குவது அறிவுடையோர்க்கு அழகாகுமா?

மீதி இதுதான். அதே மாரிஸ்தானில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நோயாளர் கழுத்தில் சங்கிலி பூட்டப்பட்டிருந்ததைப் பயணிகள் எழுதி வைத்துள்ளனர். கட்டடம் நின்றது, கருணை போய்விட்டது.

அக்காலத்து ஐரோப்பாவும் தூயதன்று. இலண்டன் பெத்லெம் விடுதியில் ஜேம்ஸ் நோரிஸ் என்பவர் இரும்புப் பட்டையிட்டு ஆண்டுக்கணக்கில் கட்டப்பட்டிருந்தது 1814இல் வெளிப்பட்டது. இரத்தம் வடித்தலும் பேதிக்குக் கொடுத்தலும் அன்றைய மருத்துவமாயிருந்தன. ஆயினும் அந்நாட்டார் வெட்கப்பட்டனர். 1839இல் ஹான்வெல் விடுதியின் பொறுப்பேற்ற மருத்துவர் ஜான் கொனோலி, ஏறத்தாழ 800 நோயாளரிடையே விலங்குகளை அறவே விலக்கினார்.

"அவிழ்த்துவிட்டால் அடிப்பான், ஓடிப்போவான்" என்று இன்று நம்மவர் சொல்வதையே அன்று அவரிடமும் சொன்னார்கள். பணிவும் பொறுமையும் உடைய பணியாளரைக் கூட்டியே அவர் அதற்கு விடையளித்தார். காவலுக்கு ஆளின்மையே விலங்கின் தாய் என்பது அப்போது விளங்கிற்று.

பின்னர் அவ்விடுதிகளும் சீர்கெட்டன. 1851இல் திறந்த கோல்னி ஹாட்ச் போன்றவற்றில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கப்பட்டனர். மருத்துவம் மறைந்து அடைப்பே மிஞ்சியது. வீட்டார் கைகழுவிவிட்டால் மதிலுக்குள் கருணை நெடுநாள் வாழாது.

இனி நம் கதைக்கு வருவோம். ஹான்வெல்லில் விலங்கு கழன்று 162 ஆண்டுகள் கழிந்தபின், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகமொன்றின் கொட்டகை தீப்பற்றியது. 28 உயிர்கள் கருகின. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தோர் எப்படி ஓடுவர்? அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் எதிரிகளல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. எல்லா மதத்தாரும் அவர்களில் இருந்தனர். ஆனால் மாரிஸ்தான் பெருமை பேசும் நாம், நம் கண்ணெதிரே அச்சங்கிலியைக் கண்டும் வாளாவிருந்தோமே!

மத்ரஸாவில் ஃபிக்ஹு ஓதும் சிறுவனும் அறிவான்: புத்தி பேதலித்தவர்மீது தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. அல்லாஹ்வே கடமையை நீக்கிவிட்ட ஒருவரின் காலில் இரும்பைப் பூட்ட நமக்கு யார் அதிகாரம் தந்தது?

"இது ஜின்னின் வேலை, மருந்துக்கு அடங்காது" என்போருக்கு ஒன்று கூறுவோம். 19ஆம் நூற்றாண்டு விடுதிகளை நிரப்பிய ஒருவகைப் பித்துவாதம் ஒழுக்கக் கேட்டின் தண்டனை என்று பலரால் கருதப்பட்டது. 1913இல் அந்நோயாளரின் மூளையிலேயே மேகநோய்க் கிருமி கண்டறியப்பட்டது. பின்னர் பெனிசிலின் அதைத் தீர்த்தது. காரணம் அறியாத இடத்தையெல்லாம் ஜின்னுக்கு எழுதிக் கொடுப்பது ஈமானன்று, சோம்பல்.

துஆ கேட்பதை எவரும் தடுக்கவில்லை. மருத்துவரிடம் செல்வதை நீங்கள் தடுக்காதீர்கள். நோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே விலக்கியுள்ளது. சட்டம் சொல்லுமுன் நம் நெஞ்சு சொல்லியிருக்க வேண்டும். கலாவூனின் பெயரை மேடையில் உரைக்குமுன், நம் வீட்டுப் பின்னறையின் கதவைத் திறந்து பார்ப்போம்.