மச்சாள் என்னும் ஒரு சொல்

தந்தையின் தமையன் மகளை நாம் அக்காள் என்றோ தங்கை என்றோ அழைக்கிறோம். தாயின் தமக்கை மகளும் அவ்வாறே. ஆனால் அம்மான் மகளும் மாமி மகளும் நமக்கு மச்சாள்மார். ஆங்கிலேயர் இந்நால்வரையும் 'கசின்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவர். இவ்வேறுபாடு எதனால் வந்தது? இவ்வொரு வினாவைப் பற்றிக்கொண்டே மானிடவியலின் பெருங் கொள்கைகள் சிலவற்றை அறிந்துகொள்ளலாம்.

அமெரிக்க வழக்கறிஞரான லூயிஸ் ஹென்றி மோர்கன், நியூயோர்க் மாநிலத்துச் செனெக்காப் பழங்குடியினரின் உறவுமுறைப் பெயர்களை ஆராய்ந்தவர். அவற்றைப் பெரிதும் ஒத்த முறை தமிழரிடத்தும் உண்டெனக் கண்டு, 1871ஆம் ஆண்டு வெளிவந்த தமது பெருநூலில் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினார். மனித இனம் காட்டுநிலை, அநாகரிகநிலை, நாகரிகநிலை என்னும் மூன்று படிகளில் ஏறுகிறது என 1877இல் எழுதினார். இது கூர்ப்புக் கொள்கை. நம் உறவுப்பெயர்கள் பண்டைய மணமுறையொன்றின் எச்சம் என்பது அவர் துணிபு. அவ்வேணியின் உச்சியில் நின்றவர் யாவர்? ஏணியைச் செய்தவரின் சொந்த இனத்தாரே! பிறரை ஆள்வோர்க்கு இஃது ஏற்ற கொள்கையாயிற்று.

இவ்வேணியை அசைத்தவர், ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பிரான்ஸ் போவாஸ். ஒத்த வழக்கங்கள் வெவ்வேறு காரணங்களாலும் தோன்றலாம் என அவர் 1896இல் வாதிட்டார். ஒவ்வொரு மக்களின் பண்பாட்டையும் அவர்தம் வரலாற்றோடு வைத்தே நோக்கவேண்டும் என்றார்.

பின்வந்த மலினோவ்ஸ்கி, றாட்கிளிவ் பிறவுண் ஆகியோர், 'இவ்வழக்கம் இன்று என்ன பணி செய்கிறது?' என வினவினர். இது தொழிற்பாட்டுக் கொள்கை. தென்னாபிரிக்க மக்களிடையே தாய்மாமன் மருமகனுக்குக் காட்டும் சலுகையைப் பழைமையின் எச்சமென்று கொள்ளாது, தாயன்பின் நீட்சியென்று 1924இல் விளக்கினார் றாட்கிளிவ் பிறவுண்.

பிரெஞ்சு அறிஞர் லெவி ஸ்றோஸ் 1949இல் அமைப்பியல் நோக்கில் வேறொன்றைக் கண்டார். பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் குடும்பங்கள் தம்முட் பிணைவதே உறவுமுறையின் அடிப்படை என்றார். தமிழ்நாட்டில் ஆய்வு நடத்திய லூயி டூமோன் 1953இல் இதனை நம் சொற்களிலேயே காட்டினார். அம்மான் மகளும் மச்சாள். மனைவியின் உடன்பிறந்தாளும் மச்சாள். தாயின் சகோதரரும் மாமா. மனைவியின் தந்தையும் மாமா. கொள்வினை கொடுப்பினைக்கு உரியோர் யார், உடன்பிறந்தார்க்கு ஒப்பானவர் யார் என்பதை இச்சொற்களே பிரித்துக் காட்டுகின்றன.

ஒருவருக்கு எச்சமாகத் தோன்றியது மற்றொருவருக்கு ஒழுங்காகத் தோன்றியது. எனவே மாணவர்காள், ஒரு கொள்கையைக் கற்கும்போது, அதனைக் கூறியவர் எங்கு நின்று நோக்கினார் என்பதையும் வினவுங்கள். பெற்றோர்க்கும் ஒரு சொல்: 'கசின்' இன்று நம் இல்லங்களிலும் புகுந்துவிட்டது. பிள்ளைகளுக்கு முறைசொல்லிப் பழக்குங்கள். சொல் மறைந்தால், அது காத்துவந்த வேறுபாடும் உடன் மறையும்.