ஆட்டத்திற்கு முன்னே முடிவா?

காற்பந்தாட்டம் நடைபெறுமுன் வெல்பவர் யார், தோற்பவர் யார் எனக் கணித்துக் கூறுவது உலக வழக்கம். அக்கணிப்பை எவ்வளவு நம்பலாம்? நம் நாட்டுக் குழு ஆடிய ஓர் ஆட்டத்தைக் கொண்டே ஆராய்வோம்.

2024ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், கத்தார் நாட்டில் நடைபெற்ற ஆசியக் கிண்ணப் போட்டியில் மலேசியாவும் தென் கொரியாவும் மோதின. ஆட்டத்திற்கு முதல்நாள் ஏட்டைப் புரட்டியவர் கண்டது என்ன? அனைத்துலகத் தரவரிசையில் கொரியா 23ஆம் இடம். மலேசியா 130ஆம் இடம். 1986 முதல் 2022 வரை எந்த உலகக் கிண்ணப் போட்டியையும் தவறவிடாத நாடு கொரியா. 2002இல் அரையிறுதி வரை சென்ற நாடு. நாமோ அப்போட்டியின் இறுதிச் சுற்றில் அடியெடுத்து வைத்ததே இல்லை. மேலும், ஜோர்டானிடம் 0-4, பாஹ்ரேனிடம் 0-1 எனத் தோற்று, அடுத்த சுற்று வாய்ப்பையும் அப்போது இழந்திருந்தோம்.

ஆயினும், அந்தப் பட்டியல் காட்டாதவை இரண்டு உண்டு. நம் குழுவின் அந்நாளையப் பயிற்றுநர் கிம் பான் கோன் கொரிய நாட்டவர். எதிரணியின் ஆட்டமுறையை அறிந்தவர். அன்றியும், இழப்பதற்கு ஏதுமில்லாத குழு அச்சமின்றி ஆட இயலும்.

முதற்பாதியில் கொரியா முந்தியது. பிற்பாதியில் பைசால் ஹலிம் சமன் செய்தார். அரிப் ஐமான் பினால்டி வழி இரண்டாம் கோலைப் புகுத்தினார். கொரியரும் சளைத்தாரில்லை. 83ஆம் நிமிடத்தில் சமன் செய்து, 90 நிமிடங்கள் கடந்தபின் சோன் ஹியூங் மின் அடித்த பினால்டியால் மீண்டும் முந்தினர். எல்லாம் முடிந்ததெனப் பலரும் எண்ணிய வேளையில், நடுவர் ஈடாக வழங்கிய நேரத்தின் 15ஆம் நிமிடத்தில் ரொமெல் மொராலெஸ் பந்தை வலைக்குள் செலுத்தினார். ஆட்டம் 3-3 எனச் சமநிலையில் முடிந்தது!

அடுத்த சுற்றுக்குச் சென்றது கொரியாவே. அதை மறைத்தல் கூடாது. கணிப்பு முற்றிலும் பொய் என்பது என் கருத்தன்று. தரவரிசை நேற்றைய உழைப்பின் கணக்கு. இன்றைய உழைப்பை அஃது அறியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னதும் இதனாலன்றோ?

ஒருமுறை நகரப் பள்ளி ஒன்றுடன் ஆடப் புறப்பட்டபோது, என் மாணவன் ஒருவன், “ஐயா, இன்று எத்தனை கோலில் தோற்போம்?” என்று கேட்டான். அப்போது அவன் காலணியைக்கூட அணிந்திருக்கவில்லை! அக்கேள்வி அவன் உள்ளத்தில் தானாக முளைத்ததன்று. “தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவுதான் வரும்” என்று பெற்றோரும், ஆசிரியர்களாகிய நாங்களும் வாய்தவறிச் சொன்ன சொற்களின் விளைவே அது. தேர்வுக்கு முன்பே ஒரு பிள்ளையைத் தேறாதவன் என்று ஒதுக்குவதும் இத்தகைய கணிப்பே. இவ்வழக்கத்தை முதலில் கைவிட வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாமே.

மாணவச் செல்வங்களே! எதிரணியின் வலிமையை உள்ளபடி அறிந்துகொள்ளுங்கள். அதற்கேற்ப நாள்தோறும் பயிலுங்கள். நடுவர் இறுதி ஊதலை ஊதும் வரையில், முடிவை மட்டும் நீங்களாக எழுதிவிடாதீர்கள்.