இரண்டாவது இசைத்தொகுப்பு

இளைஞர் சிலர் கூடி ஓர் இசைக்குழு அமைப்பது இக்காலத்தில் அரிய செயலன்று. கிட்டார் ஒன்று, டிரம்ஸ் ஒன்று, பாட வல்லார் ஒருவர் இருந்தால் குழு பிறந்துவிடும்; கல்லூரி விழாவில் கைதட்டலும் கிடைத்துவிடும். முயன்றால் முதல் இசைத்தொகுப்பும் வெளிவந்துவிடும். ஆயின் அக்குழுவின் தரத்தை உரைத்துப் பார்க்கும் கல் இரண்டாவது தொகுப்பேயாகும். இவ்வுண்மையை ஒரு குழுவின் வரலாற்றைக் கொண்டு இம்மாதம் எண்ணிப் பார்ப்போம். டிராம்பேயில் வாழும் நமக்கு அதில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு.

பெங்களூரில் 2003-ஆம் ஆண்டு தோன்றிய அக்குழுவின் பெயர் 'அகம்'. கருநாடக சங்கீதக் கீர்த்தனைகளை மேனாட்டு ராக் இசையோடு இணைத்து வழங்குவது இவர்கள் மேற்கொண்ட நெறி. பாடகரும் வயலின் கலைஞருமான ஹரிஷ் சிவராமகிருஷ்ணன், கீபோர்டு வாசிப்பதோடு பாடலும் புனையும் சுவாமி சீதாராமன், கிட்டார் கலைஞர் பிரவீன் குமார் முதலியோர் இதில் இடம்பெற்றனர். இவர்களிற் பலர் மென்பொருள் போன்ற துறைகளில் பணியாற்றிக்கொண்டே, ஓய்வு கிட்டிய வேளைகளில் இசை பயின்றவர்கள் என்பதை நம் வாசகப் பெற்றோர் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

2007-ஆம் ஆண்டில் சன் தொலைக்காட்சி நடத்திய இசைக்குழுப் போட்டியில், ஏ. ஆர். ரகுமான் நடுவராயிருக்க, இவர்கள் வெற்றி பெற்றனர். அப்புகழின் சூட்டிலேயே தொகுப்பை வெளியிட அவர்கள் விரையவில்லை. ஐந்து ஆண்டுகள் சென்று, 2012-இல்தான் 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' என்னும் முதல் தொகுப்பு வந்தது. தியாகராஜ சுவாமிகள் பகுதாரி இராகத்தில் அருளிய 'ப்ரோவ பாரமா', சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானா ஆகியவை அதில் கிட்டாரும் டிரம்ஸும் முழங்க ஒலித்தன. இளைஞர் கூட்டம் அவற்றை விரும்பி ஏற்றது.

முதல் தொகுப்பு என்பது, ஒரு குழு தோன்றிய நாள் முதல் சேர்த்து வைத்த செல்வம் முழுவதையும் அள்ளி வைக்கும் பந்தி. ஒன்பது ஆண்டுகளின் பயிற்சியும் மேடை அனுபவமும் அதில் உண்டு. பந்தி முடிந்தபின் களஞ்சியம் வெறுமையாகிறது. முன்பு மகிழ்ந்தவர்கள் அதே சுவையை மீண்டும் கேட்கின்றனர். அதே சுவையைக் கொடுத்தாலோ, 'புதிதாக ஒன்றுமில்லையே' என்கின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே தன் குரல் எது என்று தெளிவதே இரண்டாவது தொகுப்பின் வேலை.

'அகம்' குழுவினர் அதற்கு மேலும் ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டனர். 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' 2017-இல் வெளிவந்தது. தியாகராஜரின் நளினகாந்தி இராகக் கீர்த்தனையான 'மனவ்யாலகிஞ்சரா' அதில் உள்ளது. முத்துசுவாமி தீட்சிதர் பிருந்தாவன சாரங்கத்தில் அருளிய 'ரங்கபுர விகாரா'வும் உள்ளது. தில்லானாவுக்கு இயல்பாகவே துள்ளும் நடை உண்டு. டிரம்ஸ் அதனோடு எளிதில் இணைந்து ஓடும். தீட்சிதர் கிருதியோ நின்று நிதானித்துச் செல்வது. அங்கே வாத்தியங்கள் காத்திருக்கக் கற்க வேண்டும். இராகத்தின் வடிவு முதலில் நிலைபெற்று, பின்னரே முழக்கம் எழ வேண்டும். இக்காத்திருத்தலையே நாம் முதிர்ச்சி என்கிறோம். ஓசை பெருகுவது வளர்ச்சியன்று. எவ்விடத்தில் அடங்க வேண்டும் என்று அறிவதே வளர்ச்சி.

'கீர்த்தனைக்குக் கிட்டார் எதற்கு?' என்று பெரியோர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் இன்று கச்சேரி மேடையில் நாம் இன்றியமையாததாகக் கருதும் வயலின், ஐரோப்பாவினின்று வந்த கருவியன்றோ? அதனை நம் இசைக்குப் பழக்கிய முன்னோடி, முத்துசுவாமி தீட்சிதரின் உடன்பிறந்தாரான பாலுசுவாமி தீட்சிதரே ஆவார். நம் காலத்தில் உ. ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினில் கமகங்களை ஒலிக்கச் செய்தார். அன்னியக் கருவி ஒன்று நம்முடையதாவதற்குக் காலம் வேண்டும். பொறுமையுடன் கேட்கும் செவிகளும் வேண்டும்.

இனி நம் டிராம்பேக்கு வருவோம். அணுசக்தி நகரிலும், செம்பூரிலும், 1976-இல் ஜனதா காலனியினின்று பெயர்க்கப்பட்ட மக்கள் குடியேறிய சீத்தா கேம்ப்பிலும் நம் பிள்ளைகள் பாட்டும் வயலினும் கிட்டாரும் பழகுகின்றனர். ஆண்டு விழாவில் எட்டு வயதுச் சிறுமி பாடினால் மண்டபம் அதிரக் கைதட்டி, கோப்பையும் வழங்குகிறோம். அவளே பதினைந்து வயதில் என்ன பாடுகிறாள் என்று நாம் கேட்டதுண்டா? பத்தாம் வகுப்பு வந்ததும் வயலின் பரண்மேல் ஏறுகிறது. கிட்டார் வாங்கிய பையனுக்கோ, அறுவர் உறங்கும் ஓரறை வீட்டில் வாசிக்க இடமில்லை. தந்தை இரவு ஷிப்டு முடிந்து பகலில் உறங்குகிறார். குறை பிள்ளையிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை.

முதல் மேடையை அனைவரும் தருகின்றனர்; இரண்டாவது மேடையைத் தருவோர் சிலரே. மராத்தியும் இந்தியும் பள்ளியிற் கற்று, தமிழை வீட்டிற் கேட்டு வளரும் இப்பிள்ளைகளின் உள்ளத்தில் புதியதோர் இசை கருக்கொண்டிருக்கக்கூடும். அது வெளிப்பட ஆண்டுகள் பல ஆகும். அதற்குள் நாம் முகம் திருப்பிக்கொண்டால் அவ்விசை பிறவாமலே போகும்.

ஆதலின் நம் ஊர்ச் சங்கங்கள் அனைத்திற்கும் இரண்டு வேண்டுகோள்கள் விடுக்கிறோம். ஞாயிறு பிற்பகல்களில் பூட்டிக் கிடக்கும் சங்க அறைகளைப் பயிற்சிக்குத் திறந்துவிடுங்கள். ஆண்டு விழாவில் அரைமணி நேரத்தை, மூன்றாண்டுகளுக்கு முன் மேடையேறியவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். அவர்களுக்குக் கோப்பை வேண்டா. அமர்ந்து இறுதிவரை கேளுங்கள், அது போதும். பெற்றோர்களே, பணிக்குச் சென்றுகொண்டே பத்தாண்டுகளுக்கு மேல் இசையைக் கைவிடாதிருந்த இளைஞர்களின் கதையை மேலே கூறினோம். வேலையா, இசையா என்று பிள்ளைகளை இன்றே நெருக்க வேண்டியதில்லை. பரண்மேல் உள்ள வயலினை இவ்வாரம் கீழே இறக்கித் தூசி தட்டுங்கள். தந்தி அறுந்திருந்தால் புதிது மாட்டிக் கொடுங்கள்.