ஒரு தட்டின் இரு பக்கங்கள்

மேனாட்டு வாலிபர் சங்கீதம் என்றவுடன் நம் வீட்டுப் பெரியவர்கள் முகஞ் சுளிப்பதும், பிள்ளைகள் அதையே இன்னும் உரக்க வைத்துக் கேட்பதும் புதிய செய்தியல்ல. பெரியவர்களுக்கு அது வெறுங் கூச்சல். பிள்ளைகளுக்கோ பெருங் குதூகலம். ஆனால், இரு சாராருக்கும் பொதுவான குறையொன்று உண்டு. அந்தச் சங்கீதம் எந்த மண்ணில், எவருடைய வியர்வையில் முளைத்தது என்று அறிய இரு சாராரும் முயல்வதில்லை. ஆகவே, 'றொக்கபிலி' என்று பிற்காலத்திற் பெயர்பெற்ற இசை பெருஞ் சபையொன்றைக் கலக்கிய ஓர் இரவின் கதையை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

அந்த இரவு 1954ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆந் திகதி, வெள்ளிக்கிழமை. இடம், அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள மெம்பிஸ் நகரம். அந்நகரின் ஓவர்ட்டன் பூங்காவிலே, சிப்பியின் ஓடுபோல் வளைந்த முகப்புடைய திறந்தவெளி அரங்கொன்று இருக்கிறது. பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தோருக்கு வேலை கொடுக்க அந்நாட்டு அரசாங்கம் வகுத்த திட்டத்தின்கீழ் 1936இல் கட்டப்பட்ட அரங்கு அது. அன்றிரவு மக்கள் திரண்டது சிலிம் விட்மன் என்ற பிரபல நாட்டுப்புறப் பாடகரைக் கேட்பதற்காக. நிகழ்ச்சியிற் பாடவிருந்த வேறு சிலருள் 19 வயது வாலிபர் ஒருவரும் இருந்தார். பத்திரிகை விளம்பரமொன்றில் அவருடைய பெயர் 'எல்லிஸ் பிரெஸ்லி' என்று பிழையாக அச்சாகியிருந்தது. அவரை அறிந்தவர்கள் அத்துணைச் சிலரே!

எல்விஸ் பிரெஸ்லி அப்போது மின்சார வேலை செய்யும் கம்பனியொன்றில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். 1935 ஜனவரி 8இல் மிசிசிப்பி மாநிலத்தின் ரூப்பலோ என்ற சிற்றூரில் வறிய குடும்பத்திற் பிறந்தவர். 1948இல் அக்குடும்பம் பிழைப்புத் தேடி மெம்பிசுக்கு வந்து சேர்ந்தது.

தட்டின் முதற் பக்கம்

அந்த இரவுக்கு இருபத்தைந்து நாட்களுக்கு முன், அதாவது யூலை 5ஆந் திகதி, யூனியன் வீதி 706ஆம் இலக்கத்திலிருந்த சிறிய ஒலிப்பதிவு நிலையத்தில் மூவர் கூடினர். எல்விஸ் பாடகர், ஸ்கொட்டி மூர் மின்சாரக் கிற்றார் வாசிப்பவர், பில் பிளாக், ஆளுயரத்துக்கும் மேற்பட்ட பெரிய பேஸ் வாத்தியத்தை நின்றுகொண்டே வாசிப்பவர். நிலையத்தின் சொந்தக்காரரான சாம் பிலிப்ஸ், 'சன்' என்ற பெயரில் இசைத்தட்டுக்களை வெளியிட்டு வந்தார். பி. பி. கிங், ஹவ்லின் வுல்ஃப் முதலிய கறுப்பினக் கலைஞர்களின் இசையை அவர்தம் இசைவாழ்வின் ஆரம்பகாலத்திலேயே பதிவு செய்த பெருமை அவருக்குண்டு.

அன்று மெதுவான காதற் பாட்டுக்கள் சிலவற்றைப் பாடிப் பார்த்தனர். ஒன்றும் சோபிக்கவில்லை. இளைப்பாறும் வேளையில் எல்விஸ் விளையாட்டாகத் துள்ளிக்குதித்துப் பழைய பாட்டொன்றைப் பாடத் தொடங்கினார். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டனர். உள்ளறையிலிருந்த பிலிப்ஸ் திடுக்கிட்டு, அதனைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். அந்தப் பாட்டு 'தற்ஸ் ஓல் றைற்'. அதை இயற்றிப் பாடி 1946இல் பதிவு செய்தவர் ஆதர் குரூடப். அவர் மிசிசிப்பியில் 1905இல் பிறந்த கறுப்பினத்தவர். உடலுழைப்பால் வயிறு வளர்த்துக்கொண்டே 'புளூஸ்' என்ற துயரிசையைப் பாடி வந்தவர்.

மறு பக்கம்

தட்டென்றால் இரண்டு பக்கம் வேண்டுமல்லவா? மறு பக்கத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 'புளூ மூன் ஒஃப் கென்ரக்கி' என்ற பாட்டு. அதனை இயற்றியவர் பில் மன்றோ. அவர் கென்ரக்கி மாநிலத்து வெள்ளையர். மலைநாட்டுக் கிராமிய இசைக்குப் புத்துயிர் தந்த வித்துவான். அவர் அதனை மூன்றெண்ணிக்கை நடையில் அசைந்தாடும் பாட்டாக அமைத்திருந்தார். இளைஞர் மூவரும் அதனை நான்கெண்ணிக்கை நடைக்கு மாற்றி விரைவுபடுத்தினர்.

இவ்வாறு கறுப்பினத்தவரின் புளூஸ் ஒரு பக்கமும், வெள்ளைக் குடியானவரின் நாட்டுப்பாட்டு மறு பக்கமுமாக 209ஆம் இலக்கத் தட்டு யூலை 19இல் வெளிவந்தது. அக்காலத்தில் தெற்கிலே பட்டிக்காட்டு வெள்ளையரை 'ஹில்பிலி' என்று ஏளனமாக அழைப்பதுண்டு. 'றொக்' என்பதனோடு அந்த ஏளனச் சொல்லும் ஒட்டிக்கொள்ளவே 'றொக்கபிலி' பிறந்தது. பெயரிலேயே இரண்டு வேர்களும் தெரிகின்றன.

தட்டு கடைக்கு வருமுன்பே அதனை மெம்பிஸ் வானொலியில் டுவி பிலிப்ஸ் என்ற அறிவிப்பாளர் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார். கேட்டவர்களுட் பலர் பாடுபவர் கறுப்பினத்தவர் என்றே எண்ணினர். அறிவிப்பாளர் எல்விசை அழைத்து, 'நீர் எந்தப் பள்ளிக்கூடத்திற் படித்தீர்?' என்ற கருத்துப்படக் கேட்டார். 'ஹியூம்ஸ்' என்று விடை வந்தது. அவ்வளவுதான், நேயர்கள் அனைவருக்கும் விளங்கிவிட்டது. அது வெள்ளைப் பிள்ளைகள் மாத்திரம் படித்த பள்ளிக்கூடம். ஒருவருடைய நிறத்தை வாய்விட்டுச் சொல்லாமலே பள்ளியின் பெயரால் அறியக்கூடிய நகரமாக மெம்பிஸ் இருந்தது. மாணவ நேயர்கள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

முரசில்லாத முழக்கம்

இம்மூவரிடமும் முரசு கிடையாது. மிருதங்கமில்லாக் கச்சேரிபோல் அது சப்பென்று இருந்திருக்கும் என நாம் எண்ணக்கூடும். அக்குறையைத் தீர்த்தது பில் பிளாக்கின் கை. பேஸ் வாத்தியத்தின் தடித்த தந்தியை அவர் இழுத்து விடுவார். அது மரத்தண்டில் 'சடக்'கென்று மோதும். இடையிடையே உள்ளங்கையாலும் தந்திகளை அறைவார். சுருதியும் தாளமும் ஒரே வாத்தியத்தில் எழும். எல்விசின் கிற்றார் அத்தாளத்துக்குத் துணை செய்யும். ஸ்கொட்டி மூரின் மின்சாரக் கிற்றார் பாட்டின் இடைவெளிகளிற் புகுந்து பதில் சொல்லும்.

ஒலிப்பதிவு நிலையத்தில் இதற்கு இன்னுமொரு தந்திரமும் உண்டு. ஒலிநாடாப் பொறிகள் இரண்டைப் பயன்படுத்தி, பாடிய ஒலியைக் கண்ணிமைப்பொழுது பிந்தி மீண்டும் அதன்மேலேயே சேர்த்தார் பிலிப்ஸ். அதனாற் பிறந்த எதிரொலி, மூவரின் இசையை முப்பதின்மர் இசைபோல் நிறைவாக்கியது. ஆனால், யூலை 30ஆந் திகதி இரவு, திறந்த வானத்தின்கீழ், அந்தத் தந்திரமும் கைகொடுக்க அங்கில்லை. மூவரும் மூன்று வாத்தியங்களுமே இருந்தன.

நடுங்கிய கால்கள்

மேடையேறுமுன் எல்விஸ் அச்சத்தால் வெலவெலத்துப் போயிருந்தார். அத்தனை பெரிய சபையை அவர் அதுவரை கண்டதில்லை. பாட ஆரம்பித்ததும் அவருடைய கால்கள் தாளத்துக்கேற்ப நடுங்கின. அக்கால வழக்கப்படி அணிந்திருந்த தொளதொளத்த காற்சட்டை அந்நடுக்கத்தைப் பன்மடங்காக்கிக் காட்டியது. சபையிலிருந்த இளம் பெண்கள் கூவத் தொடங்கினர். தம்மை ஏளனஞ் செய்கிறார்களோ என்று பாடகருக்கே முதலில் ஐயம். பாடி முடித்து இறங்கியதும், கால்களின் ஆட்டத்தைக் கண்டே அவர்கள் கூவுகிறார்கள் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். மீண்டும் மேடையேறியபோது வேண்டுமென்றே சற்று அதிகமாக ஆடினார், கூச்சலும் அதிகமாயிற்று. அச்சத்தில் எழுந்த நடுக்கம் அன்றிரவே கலையாகிவிட்டது.

பின் நடந்தவை உலகறிந்தவை. அவ்வாண்டு ஒக்ரோபர் 16இல் 'லூசியானா ஹேறைட்' என்ற வானொலி நிகழ்ச்சியில் அம்மூவரும் வாசித்தனர். 1955இல் ஆர்.சி.ஏ. கம்பனி 35,000 டொலர் கொடுத்து எல்விசின் ஒப்பந்தத்தை 'சன்' நிறுவனத்திடமிருந்து வாங்கியது. அவர் திறந்த வாயிலால் கார்ல் பேர்க்கின்ஸ், ஜொனி காஷ், ஜெரி லீ லூயிஸ் முதலியோர் நுழைந்தனர். இவர்களுட் பேர்க்கின்ஸ், பருத்தித் தோட்டத்திலே முதிய கறுப்பினத் தொழிலாளர் ஒருவரிடம் கிற்றார் பழகியவர். இங்கும் அதே வேர்!

வராதவர்களும் பெறாதவரும்

களிப்பான கதை இவ்வளவோடு முடிவதானால் நாம் எழுதியிருக்க வேண்டியதில்லை. அன்று ஓவர்ட்டன் பூங்காவில் எழுந்த இசையிற் பாதி கறுப்பின மக்களுடையது. ஆனால், மெம்பிஸ் நகரசபையின் பூங்காக்கள் அந்நாளில் நிறத்தின்படி பிரிக்கப்பட்டிருந்தன. அதே ஓவர்ட்டன் பூங்காவிலுள்ள மிருகக்காட்சிச் சாலைக்குள் கறுப்பின மக்கள் வாரத்தில் ஒரு நாள் மாத்திரமே செல்ல முடிந்தது. பள்ளிக்கூடங்களில் நிறப்பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் 1954 மே 17இல் தீர்ப்பளித்திருந்தும், மெம்பிஸ் பூங்காக்களில் அப்பிரிவினையைத் தாமதமின்றி ஒழிக்கவேண்டும் என்று அதே நீதிமன்றம் கட்டளையிட 1963 மே 27 வரை செல்ல நேர்ந்தது. இடையில் ஒன்பது ஆண்டுகள்! பாட்டு வேலியைத் தாண்டிவிட்டது. அதனை ஈன்ற மக்கள் வேலிக்கு வெளியே நின்றனர்.

தட்டின் இரு பக்கங்களையும் இயற்றியவர்கள் கண்ட பலனையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பில் மன்றோவுக்கு அப்பாட்டின் உரிமைப்பணம் கிடைத்தது. இளைஞர்கள் நடையை மாற்றியதற்கு அவர் கோபிக்கவுமில்லை. அவ்வாண்டிலேயே அப்பாட்டை மீண்டும் பதிவு செய்தபோது பிற்பகுதியை அவ்விரைவு நடைக்கே மாற்றிக்கொண்டார். ஆதர் குரூடப்பின் பெயரும் தட்டில் ஒழுங்காக அச்சாகியிருந்தது. ஆனால், அவருக்குச் சேரவேண்டிய பணம் அவர் கையை எட்டவில்லை. தமது பாட்டை உலகமெல்லாம் பாடும்போது அவர் வேர்ஜீனியாவில் தோட்டத் தொழிலாளருடன் உழைத்துக்கொண்டிருந்தார். வழக்கறிஞர் மூலம் பேசி முடிவான உடன்படிக்கையொன்றும் கடைசி நேரத்தில் முறிந்தது. 1974இல் அவர் காலமானார். உரிமைப்பணம் அவருடைய வாரிசுகளுக்குக் கிட்டியது அதன் பின்னரே.

எல்விஸ் நன்றி மறந்தவரல்லர். குரூடப் பாடியதைக் கேட்டுத் தாம் உள்ளம் நெகிழ்ந்ததையும், அவ்வாறு உணர்ந்து பாடவேண்டும் என்று ஏங்கியதையும் 1956இல் பத்திரிகை நிருபர் ஒருவரிடம் அவரே கூறியிருக்கிறார். ஆயினும், நன்றிச் சொல் வேறு, நியாயமான கணக்கு வேறு. புகழ் மொழியால் அடுப்பெரியாது என்பதை உழைத்து உண்பவர் அறிவர்.

எல்விஸ் 1977இல் மறைந்தார். சாம் பிலிப்ஸ் இறந்தது 2003ஆம் ஆண்டு. திகதி, அந்த இரவின் திகதியாகிய யூலை 30. ஸ்கொட்டி மூர் 2016இற் காலமானார். பில் பிளாக் இவர்களுக்கெல்லாம் முந்தி 1965இலேயே போய்விட்டார். சிப்பி அரங்கு மாத்திரம், இடித்துத் தள்ள எழுந்த யோசனைகளையெல்லாம் தாண்டி, இன்றும் நிற்கிறது. அங்கே இலவச இசைநிகழ்ச்சிகள் நடக்கின்றன. எந்நிறத்தவரும் புல்தரையில் அருகருகே அமர்ந்து கேட்கலாம்.

பிள்ளைகள் இவ்விசையைக் கேட்டால் பெரியவர்கள் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டாம்; கூச்சல் என்று தோன்றுவதற்குள்ளே ஒரு மக்களின் வரலாறு கிடக்கிறது. பிள்ளைகளிடமும் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பாடுபவர் பெயரை அறிந்ததோடு நின்றுவிடாதீர்கள். பாட்டை இயற்றியவர் யார், அவருக்கு உரியது அவரைச் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். பாடியவர் பெயர் பெரிய எழுத்தில் எங்கும் இருக்கும். இயற்றியவர் பெயரோ தட்டின் நடுவே சின்னஞ்சிறு எழுத்திற் கிடக்கும். அதனையும் படிக்கப் பழகினால் நமது ரசனை நேர்மையும் உடையதாகும்.