சிவப்பு மையும் புளியங்கொட்டைகளும்



இம்மாதம் வேறொரு பொருளைப் பற்றி எழுத எண்ணியிருந்தேன். அதற்குள் இங்கிலாந்திலிருந்து ஒரு மடல் வந்தது. எழுதியவர் நம் சமுதாயச் சகோதரி ஒருவர்; அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் படைப்பிலக்கியத்தில் முதுகலை பயில்கிறார். அவருக்குத் தனியே மறுமொழி எழுதிவிட்டேன். எனினும், நம் பிள்ளைகள் மருத்துவம், பொறியியல் என்னும் எல்லைகளைத் தாண்டி இத்தகைய படிப்புகளையும் நாடும் இந்நாளில், அச்செய்தி உங்கள் இல்லங்களுக்கும் பயன்படலாம் என்று கருதி, அவருடைய இசைவுடன் இங்கே எழுதுகிறேன்.

“கதை எழுதுவதற்கும் ஒரு பட்டமா?” என்று நம் பெரியவர்கள் வினவக்கூடும். ஆய்வுரைக்கு மாற்றாகப் படைப்பையே உயர் பட்டத்துக்கு ஏற்கலாம் என்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1922-இலேயே அறிவித்துவிட்டது. அங்கு எழுத்தாளர் பட்டறை 1936-இல் தோன்றியது. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் 1970-இல் இப்படிப்பைத் தொடங்கியபோது சேர்ந்த மாணவர் ஒரே ஒருவர். பின்னாளில் புகழ்பெற்ற இயன் மெக்கீவன்தான் அவர். இன்று அந்நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் இப்படிப்பு உண்டு. முழுநேரமாகப் பயின்றால் பெரும்பாலும் ஓராண்டு. இறுதியில் மாணவர் ஒரு மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் தம் படைப்பை எழுதி ஒப்படைக்க வேண்டும். பல இடங்களில் அதன் அளவு பதினைந்தாயிரம் சொற்களை ஒட்டியிருக்கும். அத்துடன், தம் படைப்பைத் தாமே ஆராயும் கட்டுரை ஒன்றையும் பெரும்பாலான இடங்களில் கேட்பார்கள். மேற்பார்வையாளரைச் சந்திக்கக் கிடைப்பவை சில வேளைகளே. அவர் படித்துக் கருத்துரைப்பாரேயன்றி, எழுதித் தரமாட்டார்.

சகோதரியின் கதை, கடற்கரையூர் ஒன்றில் கணவரை இழந்து இத்தா இருக்கும் ஒரு வாப்பும்மாவைப் பற்றியது. நாள்தோறும் மஃரிபு தொழுத பின்னர் அவர் ஒரு புளியங்கொட்டையை ஊறுகாய்ச் சாடியில் இடுகிறார், பேத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாடியில் நூற்று முப்பது கொட்டைகள் சேரும்போது கதை முடிகிறது. தம் சொந்த வாப்பும்மாவையே சகோதரி எழுதியிருக்கிறார்.

கதையின் நடுவே ஒரு பக்கம் முழுவதும் இத்தாவின் சட்டங்கள். யாருக்கு எத்தனை காலம், அதன் நோக்கம் யாது, அதைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள தவறான எண்ணங்கள் யாவை என்றெல்லாம் விளக்கியிருக்கிறார். மேற்பார்வையாளர் அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையால் கோடிழுத்து, இது வேண்டாம் என்று ஓரத்தில் குறித்துவிட்டார். ‘இத்தா’ என்னும் சொல்லையும் வட்டமிட்டு, துக்கம் காத்தல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்றை மேலே எழுதியிருந்தார். “என் மார்க்கத்தையே அடித்துவிட்டதுபோல் இருந்தது” என்கிறார் சகோதரி. வாப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கட்டணம் செலுத்தியிருக்கிறார். ஒப்படைக்க ஆறு வாரங்களே எஞ்சியுள்ளன. கதையும் இன்னும் செம்மையுறவில்லை. இந்நிலையில் படிப்பைக் கைவிட்டு ஊர் திரும்பலாமா என்பதே அவர் கேள்வி.

அந்தப் பக்கத்தை மும்முறை படித்தேன். சொல்வதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது; ஆயினும் அதை நீக்கச் சொன்னது சரியே. அதில் ஒரு பிழையும் இல்லை. நம் இதழில் தனிக் கட்டுரையாகவே வெளியிடலாம். ஆனால் அப்பக்கம் தொடங்கியதும் வாப்பும்மா கதையிலிருந்து மறைந்துவிடுகிறார். பேத்தி அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவர் தலைக்கு மேலாக அயலாருக்குச் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுகிறாள். தம் வீட்டு உள்ளறையிலேயே அந்த மூதாட்டி ஒரு காட்சிப்பொருளாகிவிடுகிறார்.

சொல்லின் செய்தி வேறு. அதில் சகோதரி விட்டுக்கொடுத்தல் ஆகாது. இத்தா என்பது துக்கம் மட்டுமன்று. மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கும் இத்தா உண்டு. அந்த அரபுச் சொல்லின் வேரே எண்ணுதலைக் குறிப்பது. வாப்பும்மா நாள்தோறும் செய்வதும் அதுவே அல்லவா? சாடியில் விழும் ஒவ்வொரு கொட்டையும் அச்சொல்லுக்குப் பொருள் கூறிக்கொண்டிருக்க, விளக்கப் பக்கமும் வேண்டாம், வேற்றுச் சொல்லும் வேண்டாம். இதைக் கதைக்குள் வாதிடாமல், உடன் வைக்கும் கட்டுரையில் எழுதலாம். எதை ஏற்றேன், எதை ஏற்கவில்லை, ஏன் என்று காரணத்தோடு கூறவே அக்கட்டுரை இருக்கிறது. பழைய படிகளைக் கிழித்துவிடாமல் தேதியிட்டு வைத்திருந்தால் அங்கே கைகொடுக்கும்.

திருத்தம் பெறுவது நமக்குப் புதிய வழக்கமன்று. உருதுக் கவிமரபில் அதற்கு ‘இஸ்லாஹ்’ என்றே பெயர். அல்லாமா இக்பால் தம் இளமையில், ஐதராபாத்தில் இருந்த கவிஞர் தாகுக்கு அஞ்சலில் கஜல்களை அனுப்பித் திருத்தம் பெற்றார். சிறிது காலத்திலேயே, இனித் திருத்துவதற்கு அதிகமில்லை என்று தாகு எழுதிவிட்டதாகப் ‘பாங்கே தரா’வின் முன்னுரையில் அப்துல் காதிர் கூறுகிறார். அத்தகைய விடுதலை அவ்வளவு விரைவில் எல்லோர்க்கும் கிட்டுவதில்லை!

அண்மைக் காலத்துக்கு வந்தால், காஷ்மீரக் கவிஞர் ஆகா ஷாஹித் அலி அமெரிக்கக் கல்லூரிகளில் இத்துறையைக் கற்பித்தவர். கராச்சியைச் சேர்ந்த கமீலா ஷம்ஸி அவரிடம் பயின்றவர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை பயின்ற காலத்தில் கமீலா எழுதிய ‘இன் தி சிட்டி பை தி ஸீ’ என்னும் முதல் நாவல் 1998-இல் வெளிவந்தது.

இன்னொருவர் கசுவோ இஷிகுரோ. நாகசாகியில் பிறந்து, ஐந்து வயதில் இங்கிலாந்து சேர்ந்தவர். 1979-இல் கிழக்கு ஆங்கிலியாவில் சேர்ந்த சில வாரங்களில், தாமே எதிர்பாராத வகையில் நாகசாகியைப் பற்றி எழுதத் தொடங்கினார். ஆங்கிலேய வகுப்பில் அது எடுபடுமா என்னும் ஐயம் அவருக்கு இருந்தது. உடன் பயின்றோரும், பிராட்பரி, ஏஞ்சலா கார்ட்டர் ஆகிய ஆசிரியர்களும் ஊக்கமளித்திராவிட்டால் மீண்டும் ஜப்பானைப் பற்றி எழுதியே இருக்கமாட்டேன் என்ற பொருள்படத் தம் நோபல் உரையில் 2017-இல் கூறினார். அப்படிப்பில் உருவானதே 1982-இல் வெளிவந்த ‘எ பேல் வியூ ஆஃப் ஹில்ஸ்’ நாவல். நம் சகோதரிக்கும் உடன் பயில்வோர் இருக்கின்றனர். அவர்களிடம் கதையைக் காட்டினாரா என்று கேட்டேன்; இல்லையாம். இதை மட்டும் சற்றுக் கடிந்தே எழுதினேன்.

செம்மையுறாததை எப்படி ஒப்படைப்பது என்னும் கவலைக்கு, ஃபிளானரி ஓ’கானர் என்னும் அமெரிக்கப் பெண்மணியை நினைவூட்டினேன். அவர் 1947-இல் அயோவாவில் பட்டத்துக்காக ஒப்படைத்தவை ஆறு சிறுகதைகள். அவற்றில் ‘தி ஜெரேனியம்’ என்னும் கதை அவரை விட்டபாடில்லை. மீண்டும் மீண்டும் எழுதிப் பார்த்தார். 1964-இல், 39-ஆம் வயதில், நோயுற்று இறப்பதற்குச் சற்று முன்னர்தான் அது ‘ஜட்ஜ்மென்ட் டே’ என்னும் பெயரில் புதுவடிவம் பெற்றது. பட்டத்துக்கு ஒரு தேதி உண்டு. கதைக்கு அப்படியொன்றும் இல்லை.

நேற்று மறுமடல் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். சகோதரி விலகவில்லை. அந்தப் பக்கம் சுருங்கிக் கட்டுரைக்குப் போய்விட்டது. சொல் கதையிலேயே நிற்கிறது; காரணத்தைக் கேட்ட மேற்பார்வையாளரும் ஒப்புக்கொண்டாராம். ஆனால் வேறொரு திருத்தம் வந்து சேர்ந்திருக்கிறது. கதை முழுவதையும் தொலைபேசியில் வாப்பும்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். பொறுமையாகக் கேட்டிருந்த அம்மூதாட்டி, நூற்று முப்பது தவறு என்றாராம். கணவர் மவுத்தானது பிறை ஒன்றில். அதன்பின் வந்த நான்கு மாதங்களில் இரண்டு இருபத்தொன்பதிலேயே முடிந்தன. தாம் இட்டவை நூற்று இருபத்தெட்டுக் கொட்டைகளே என்று அடித்துச் சொல்லிவிட்டாராம்.