அச்சும் அப்பமும்



மேலைநாட்டாரின் வாஃபிள் பலகாரம், நற்கருணை அப்பம் சுட்ட இரட்டை இரும்புத் தட்டின் வழி வந்ததாகும். சுவீடனில் மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளின் பெயரே மருவி ‘வாஃபிள் நாள்’ ஆயிற்று. நம் கிறிஸ்து பிறப்பு விழாவின் அச்சு முறுக்கும் அதற்கு உறவே.

அரிசி மாவை முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, எள்ளுடன் கரைத்து, எண்ணெயில் காய்ந்த அச்சை அதில் முக்கால் பங்கு மட்டும் தோய்த்திடுக. முழுதும் மூழ்கினால் முறுக்கு கழலாது. அச்சு ஆறினாலோ மாவு பற்றாது.

ஒரகடம் ஆலைகளுக்குக் கணவர் இரவு ஷிப்டும் மனைவி பகல் ஷிப்டுமாய்ச் செல்லும் இல்லங்களில், முறுக்கு கடையிலிருந்து வருகிறது. அது குற்றமன்று. ஆயினும் ஆண்டுக்கு ஓர் இரவேனும் அடுப்பைச் சுற்றிக் கூடுங்கள். தந்தை அச்சைப் பிடிக்கட்டும், பிள்ளைகள் எண்ணட்டும். குடும்பமும் அச்சைப் போன்றதே, ஆறவிடாதீர்கள்.