தீர்வையும் விலைவாசியும்

அயல்நாட்டுப் பண்டத்திற்கு விதிக்கப்படும் தீர்வையை அயல்நாட்டானே இறுக்கின்றான் என்னும் எண்ணம் பலரிடத்தும் வேரூன்றியுள்ளது. அது பொருந்தாதென்பது எம் கருத்து. துறைமுகத்திலே தீர்வையை இறுப்பவன் இறக்குமதி வணிகன்; அவன் அதனை விலையிலே சேர்த்து வாங்குவோனிடம் அறவிடுவதே பெரும்பாலும் நிகழ்வது.

2018ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்கா சலவை இயந்திரங்களுக்கு விதித்த தீர்வையை நோக்குவாம். முதல் 12 இலட்சம் இயந்திரங்களுக்கு நூற்றுக்கு 20, அதற்கு மேற்பட்டவற்றிற்கு நூற்றுக்கு 50 என விதித்தனர். விலை நூற்றுக்கு 12 அளவில் ஏறிற்று. தீர்வை விதிக்கப்படாத துணியுலர்த்தும் இயந்திரமும் அவ்வாறே விலையேறிற்று. இரண்டையும் ஒருசேர வாங்குதல் அந்நாட்டார் வழக்கமாதலின் என்க. ஏறக்குறைய 1,800 பேர் புதிதாக வேலை பெற்றனர். ஆயின், அவ்வேலை ஒவ்வொன்றிற்கும் வாங்குவோர் ஆண்டொன்றிற்கு இழந்தது 8 இலட்சம் டொலருக்கு மேலெனப் பொருளியலறிஞர் கணித்தனர். சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, எம் நாட்டை நோக்குவாம். 100 ரூபாப் பொருளுக்கு நூற்றுக்கு 20 தீர்வையெனின், பெறுமதி சேர் வரி அத்தீர்வையான 20 ரூபாவையும் சேர்த்தே கணிக்கப்படும். 2024இல் அவ்வரி நூற்றுக்கு 18 ஆயிற்று. எனவே 20 ரூபாத் தீர்வை, வாங்குவோன் கையில் 23 ரூபா 60 சதச் சுமையாகின்றது. வரியின் மேலும் வரி.

தீர்வையே பணவீக்கத்தின் வேர் என்பாரும் உளர். அதனையும் யாம் முற்றும் ஏற்றிலேம். தீர்வை விலையை ஒரு படி உயர்த்தி அமையும். எல்லாப் பண்டங்களும் மாதந்தோறும் ஏறிக்கொண்டே செல்லுதற்கு நாணயத்தின் வீழ்ச்சியும் பணப்பெருக்கமுமே பெருங்காரணங்கள். 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி, கைத்தொலைபேசி, தொலைக்காட்சிப் பெட்டி உட்பட 623 வகைப் பொருள்களை இறக்குவோர் முழுப் பெறுமதியையும் முற்பணமாக வைப்பிலிட வேண்டுமெனப் பணித்தது. அத்தடையால் ரூபாவைக் காக்க இயலவில்லை. ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் 2022 மே மாதத்தில் 360 ரூபாவளவிற்று ஏறிற்று; அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆயிற்று. தீர்வையோ ரூபாப் பெறுமதியிற் கணிக்கப்படுவது. விகிதம் மாறாதிருப்பினும், டொலர் ஏற அதன் சுமையும் ஏறிற்று.

அரசிற்கு வருவாய் வேண்டும். இளங்கைத்தொழில்களுக்குக் காப்பும் வேண்டும். இவற்றை யாம் மறுக்கின்றிலேம். ஆயினும், உள்நாட்டில் ஆக்கப்படாத பொருளின் மீது விதிக்கும் தீர்வை எவரைக் காக்கும்? 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியே பலருக்கு வகுப்பறையாயிற்று. அஃதில்லாத வீட்டு மாணவன் பாடமின்றியே இருந்தான். கற்றற்கருவியையும் ஆடம்பரப் பொருளையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியன்று. எம் பழைய மாணவருள் வணிகரும் உளர். அரசாங்க உத்தியோகத்தரும் உளர். கற்றற்கருவிகளின் வரிச்சுமையைக் குறைக்குமாறு அவர்கள் குரலெழுப்புவாராக. கல்லூரிக்குச் செய்யும் தொண்டுகளுள் இதுவும் ஒன்றேயாம்.